லேத் சுருள், டயர் கம்பி, கசடு: கான்கிரீட் பீமில் உலோகக் கழிவைப் பயன்படுத்துவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூரில் கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கம் போனால் லேத் பட்டறைகளின் வாசலில் பளபளவென்று இரும்புச் சுருள் குவிந்து கிடக்கும். அதைப் பார்க்கும் சிவில் மாணவர்களுக்கெல்லாம் ஒரே யோசனைதான்: இதை கான்கிரீட்டில் போட்டால் என்ன? பல பொறியியல் கல்லூரிகளில் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டாக இது திரும்பத் திரும்ப வருகிறது. வீடு கட்டுபவர்களும், பேவர் பிளாக் தயாரிப்பவர்களும், பழைய இரும்பு வியாபாரிகளும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். நல்ல கேள்வி என்பதால் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

உலோகக் கழிவு என்று எதையெல்லாம் சொல்கிறோம்?

கான்கிரீட்டோடு சேர்த்துப் பேசப்படுபவை மூன்று வகை. முதலாவது, நீளவாக்கில் இருப்பவை: லேத்தில் கடையும்போது உதிரும் சுருள், பழைய டயரிலிருந்து பிரித்த கம்பி, வெட்டிய தகரக் கீற்று, மிஞ்சிய கட்டுக்கம்பித் துண்டுகள். இவை இழை மாதிரி வேலை செய்ய வேண்டும் என்ற எதிர்பார்ப்பில் போடப்படுகின்றன. இரண்டாவது, தூளாகவும் மணியாகவும் இருப்பவை: வார்ப்பிரும்புத் தூள், கிரைண்டரில் உதிரும் தூள், உலோகத்தை உருக்கும்போது மிஞ்சும் உலைக்கசடு. இவை மணலுக்கோ ஜல்லிக்கோ பதிலாகப் போகும். மூன்றாவது, உருக்கித் திரும்பக் கம்பியாகவே வருவது. மூன்றும் உலோகக் கழிவுதான் என்றாலும் பீமுக்குள் (உத்திரத்துக்குள்) ஒவ்வொன்றும் செய்யும் வேலை வேறு. ஒன்றுக்குச் சொன்ன முடிவை இன்னொன்றுக்குப் பொருத்திவிடக் கூடாது.

நாம் இப்போது கட்டும் பீம்களில் பழைய இரும்பு ஏற்கெனவே இருக்கிறதா?

நிறையவே இருக்கிறது. நம் ஊர் டிஎம்டி கம்பிகளில் கணிசமான பங்கு இண்டக்‌ஷன் உலையில் பழைய இரும்பையும் ஸ்பாஞ்ச் அயர்னையும் (தாதிலிருந்து உருக்காமலே எடுத்த இரும்பு) சேர்த்து உருக்கி, பில்லெட்டாக (நீளக் கட்டையாக) வார்த்து, உருட்டி எடுத்ததுதான். தரம் சரியாக இருந்தால் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பார்க்க வேண்டியது வேதியியல். கம்பிக்கான இந்தியத் தரவிதியான ஐஎஸ் 1786 படி, எஃப்இ 500 தரக் கம்பியில் கந்தகமும் பாஸ்பரஸும் தனித்தனியே 0.055 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எஃப்இ 500டி என்றால் 0.040. உடைவதற்கு முன் இழுபடும் அளவு முதலாவதுக்குக் குறைந்தது 12 சதவீதம், இரண்டாவதுக்கு 16. பழைய இரும்பில் மோட்டார் சுற்று, வயர் என்று தாமிரம் கலந்து வந்துவிட்டால் உருக்கினாலும் அது வெளியே போகாது. கம்பியை உருட்டும்போது மேற்பரப்பில் விரிசல் விழ அது காரணமாகும்.

இன்னொரு எச்சரிக்கை. பழைய தண்டவாளம், கப்பல் தகடு போன்றவற்றை உருக்காமல், சூடுபடுத்தி அப்படியே உருட்டிக் கம்பியாக்கி விற்பவர்களும் உண்டு. அதன் உள்ளடக்கம் யாருக்கும் தெரியாது. விலை குறைவு என்பதற்காக அதை பீமில் போடாதீர்கள். ஐஎஸ்ஐ முத்திரையும், வாங்கிய லோடுக்கான சோதனைச் சான்றிதழும் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

சரி, லேத் சுருளைப் போட்டால் பீம் பலமாகுமா?

எந்தப் பலத்தைக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது. கான்கிரீட் அமுக்கத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதன் இழுவைத் திறன் அமுக்கத் திறனில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். இழுவைப் பக்கத்தில் முதல் விரிசல் விழுந்ததுமே அந்த இடத்தில் கான்கிரீட் கையை விரித்துவிடும். இழை இருந்தால் அது விரிசலின் இரு கரையையும் பிடித்துக்கொள்ளும். மண் சுவரில் வைக்கோல் செய்கிற வேலைதான் இது.

ஆகவே இழையால் கிடைக்கும் நன்மை விரிசலுக்குப் பிறகுதான் அதிகம். விரிசல்கள் அகலமாக ஒன்றிரண்டு விழாமல் மெல்லியதாகப் பல விழும். பீம் திடீரென்று பிளக்காமல் தொய்ந்து, எச்சரித்து உடையும். அதிர்ச்சியையும் தட்டலையும் தாங்கும். அமுக்கத் திறனில் பெரிய ஏற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். கொஞ்சம் கூடலாம், சுருள் அதிகமாகி கான்கிரீட் சரியாக இறுகாவிட்டால் குறையவும் குறையும். கியூபை (சோதனைக்காக வார்க்கும் கான்கிரீட் கட்டியை) மட்டும் உடைத்துப் பார்த்து "பலம் கூடிவிட்டது" என்று சொல்பவர்களும், "ஒன்றும் நடக்கவில்லை" என்று சொல்பவர்களும் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை.

அப்படியானால் கம்பியைக் குறைத்துக்கொள்ளலாமா?

கூடாது. அதிகம் கேட்கப்படுவதும், தவறாகப் புரிந்துகொண்டால் ஆபத்தில் முடிவதும் இந்தக் கேள்விதான். ஒரு கணக்குப் போட்டே காட்டுகிறேன்.

சாதாரண வீட்டு பீம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 230 மி.மீ. அகலம், 450 மி.மீ. உயரம், எம்25 கான்கிரீட் (சதுர மி.மீ.க்கு 25 நியூட்டன் அமுக்கம் தாங்கும் தரம்). அடியில் மூன்று 16 மி.மீ. கம்பி, எஃப்இ 500 தரம். மேல் விளிம்பிலிருந்து கம்பியின் மையம் வரை 410 மி.மீ. கான்கிரீட்டுக்கான இந்திய விதித்தொகுப்பான ஐஎஸ் 456 முறையில் கணக்கிட்டால் இந்த பீம் தாங்கும் பெண்டிங் மொமென்ட் (பீமை வளைக்கும் திருப்புவிசை) சுமார் 93 கிலோநியூட்டன் மீட்டர். ஒரு கம்பியின் பங்கு ஏறத்தாழ 31. கம்பியே இல்லாத வெறும் கான்கிரீட்டாக இருந்தால் சுமார் 27-லேயே விரிசல் விட்டு முறிந்திருக்கும்.

இப்போது கன அளவில் 1 சதவீதம் இழை போடுகிறோம். விரிசல் விட்ட பிறகு இழுவைப் பகுதி முழுவதிலும் அந்த இழைகள் ஒரு சதுர மி.மீ.க்கு 0.5 நியூட்டன் இழுவிசை தருவதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நடுநிலைக் கோட்டுக்கு (மேலே அமுக்கமும் கீழே இழுவையும் பிரியும் கோடு) கீழே 320 மி.மீ. உயரம், 230 அகலம். மொத்த விசை சுமார் 37 கிலோநியூட்டன். இந்த விசை பீமின் அடியில் குவியாமல் உயரம் முழுக்கப் பரவிக் கிடப்பதால் நெம்புகோல் தூரமும் குறைவு, சுமார் 235 மி.மீ. ஆகக் கிடைப்பது 8 அல்லது 9 கிலோநியூட்டன் மீட்டர். ஒரு 16 மி.மீ. கம்பியின் பங்கில் மூன்றில் ஒன்றுகூட இல்லை.

எடையையும் பாருங்கள். இந்த பீமில் ஒரு மீட்டர் நீளத்துக்கு 1 சதவீத இழை என்றால் சுமார் 8 கிலோ. 16 மி.மீ. கம்பி ஒரு மீட்டருக்கு 1.58 கிலோ. சரியான இடத்தில், நேராக, தொடர்ச்சியாகப் போகும் ஒன்றரைக் கிலோ கம்பி செய்யும் வேலையை, எல்லாத் திசையிலும் சிதறிக் கிடக்கும் எட்டுக் கிலோ சுருளால் செய்ய முடியாது. சுருளில் கால் பங்குக்கு மேல் இழுவையே இல்லாத மேல் பகுதியில் கிடக்கும். மீதியிலும் பல விரிசலுக்கு இணையாகப் படுத்திருக்கும்.

கம்பியின் எண்ணிக்கையோ கனமோ குறையக் கூடாது. சுருள் கூடுதலாகப் போகலாம், கம்பிக்கு மாற்றாகப் போகக் கூடாது.

ஸ்டிரப்பையாவது (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையத்தை) குறைக்கலாமா? வெளிநாட்டில் அனுமதி உண்டு என்கிறார்களே?

அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு, ஆனால் பாதிதான். அமெரிக்க விதித்தொகுப்பான ஏசிஐ 318, 2008 பதிப்பிலிருந்து, சில பீம்களில் குறைந்தபட்ச ஸ்டிரப்புக்குப் பதிலாக எஃகு இழையை ஏற்கிறது. நிபந்தனைகள் கடுமையானவை. பீமின் உயரம் 600 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. கான்கிரீட் சுமார் 40 மெகாபாஸ்கலுக்கு (ஒரு மெகாபாஸ்கல் என்பது சதுர மி.மீ.க்கு ஒரு நியூட்டன்) உட்பட்டிருக்க வேண்டும். ஷியர் (பீமைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசை) குறிப்பிட்ட அளவுக்குள் இருக்க வேண்டும். ஒரு கன மீட்டருக்குக் குறைந்தது 60 கிலோ இழை வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த இழை தொழிற்சாலையில் அளவெடுத்துச் செய்த, வளைவோ கொக்கியோ உள்ள இழையாக இருந்து வளைவுச் சோதனையில் தேற வேண்டும். பட்டறை வாசலில் அள்ளிய சுருள் இந்தக் கணக்கில் வராது.

நம் ஐஎஸ் 456 குறைந்தபட்ச ஸ்டிரப்பை பீமில் கட்டாயமாகக் கேட்கிறது. இடைவெளி, மேல் விளிம்பிலிருந்து கம்பியின் மையம் வரையான உயரத்தில் 0.75 பங்கையோ 300 மி.மீ.யையோ தாண்டக் கூடாது. நிலநடுக்கத்துக்கான ஐஎஸ் 13920 பொருந்தும் கட்டடங்களில் பீம் முனைகளில் இதைவிட நெருக்கமாக வைக்க வேண்டும்.

ஆனாலும் ஆய்வு நோக்கில் சுருளுக்கு உண்மையான வாய்ப்பு இருப்பது ஷியரில்தான் என்பது என் கருத்து. சாய்வு விரிசல் எந்த இடத்தில், எந்தக் கோணத்தில் விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. எல்லாத் திசையிலும் கிடக்கும் இழைக்கு அங்கே ஒரு பயன் இருக்கிறது. வளைவுக்கு ஆய்வு செய்கிறவர்கள் ஷியருக்குத் திரும்பினால் நல்லது.

எத்தனை சதவீதம் போடலாம்?

எதில் சதவீதம் என்று முதலில் கேளுங்கள். பல அறிக்கைகளில் "1 சதவீதம்" என்று மட்டும் இருக்கும். கான்கிரீட்டின் கன அளவில் 1 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டருக்கு 78.5 கிலோ, ஏனென்றால் எஃகின் அடர்த்தி 7850. கான்கிரீட்டின் எடையில் 1 சதவீதம் என்றால் சுமார் 24 கிலோ. சிமென்ட் எடையில் 1 சதவீதம் என்றால், 350 கிலோ சிமென்ட் போடும் கலவைக்கு வெறும் மூன்றரைக் கிலோ. முதலுக்கும் கடைசிக்கும் இருபது மடங்குக்கு மேல் வித்தியாசம்! ஒரு அறிக்கையின் 1 சதவீதத்தை இன்னொன்றின் 1 சதவீதத்தோடு ஒப்பிட்டு முடிவு சொல்வது இந்தத் துறையில் சர்வசாதாரணமாக நடக்கிறது. கிலோ கணக்கில் எழுதிவிட்டால் குழப்பமே இல்லை.

தொழிற்சாலை இழைகள் வழக்கமாகக் கன மீட்டருக்கு 20 முதல் 40 கிலோ வரை போடப்படுகின்றன. லேத் சுருளுக்கும் அந்த அளவில் தொடங்கி, கலவை இணங்கி வருகிறதா என்று பார்த்து ஏற்றலாம். 80 கிலோவை நெருங்கும்போது பெரும்பாலும் கலப்பதே போராட்டமாகிவிடும்.

எல்லா லேத் சுருளும் ஒன்றுதானா?

இல்லவே இல்லை. பட்டறைக் குவியலில் எல்லாம் கலந்து கிடக்கும், அதைப் பிரிக்காமல் அள்ளுவதுதான் முதல் ஆபத்து.

அலுமினியம் ஒரு பிடிகூட உள்ளே போகக் கூடாது. ஈரமான சிமென்ட்டின் காரத்தன்மையில் அலுமினியம் வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை விடும். கான்கிரீட் உப்பும், உள்ளே குமிழ் குமிழாகத் துளை விழும். சுவர் கட்டும் ஏஏசி பிளாக் எடை குறைவாக இருப்பதற்குக் காரணமே வேண்டுமென்று சேர்க்கும் அலுமினியத் தூள்தான். பிளாக்குக்கு அது வரம், பீமுக்கு அது கேடு. துத்தநாகப் பூச்சுள்ள தகரமும் தொடக்கத்தில் இதே மாதிரி வாயு விடும்.

பித்தளை, தாமிரச் சுருள் கம்பியைத் தொட்டுக்கொண்டு கிடந்தால், ஈரம் வரும்போது கம்பி வேகமாக அரிக்கும். அதையும் ஒதுக்குங்கள்.

வார்ப்பிரும்பைக் கடைந்தால் சுருள் வராது, பொடிப்பொடியாகத்தான் உதிரும். பம்ப் தயாரிக்கும் பட்டறைகளில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். இது இழையாக வேலை செய்யாது. மணலில் ஒரு பகுதிக்குப் பதிலாக வேண்டுமானால் போடலாம், கான்கிரீட்டின் எடை கூடும்.

இழையாகப் பயன்படுவது மைல்டு ஸ்டீல், அலாய் ஸ்டீல் சுருள். காந்தம் வைத்துப் பார்த்தால் அலுமினியமும் பித்தளையும் ஒட்டாது. அந்தச் சோதனையில் ஒட்டாத எதையும் போடாதீர்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பல வகையும் ஒட்டாது, அது பரவாயில்லை, விட்டுவிடுவதில் நஷ்டமில்லை. ஸ்டெயின்லெஸ் சுருளுக்குப் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை கிடைக்கும்.

எண்ணெயை எப்படி எடுப்பது?

கடையும்போது ஊற்றும் கூலன்ட்டும் எண்ணெயும் சுருளின் மேல் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். அது இருக்கும்வரை சிமென்ட் பிடிக்காது. விரிசல் திறக்கும்போது இழை வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். போதாக்குறைக்கு, கூலன்ட்டில் உள்ள சோப்புப் பொருள் கலவையில் தேவையில்லாத காற்றுக் குமிழையும் உண்டாக்கும்.

சலவை சோடாவோ டிடர்ஜென்ட்டோ கலந்த சுடுதண்ணீரில் ஊறவைத்து, கிளறி, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். போய்விட்டதா என்று பார்க்க எளிய வழி உண்டு. அலசிய துண்டை நல்ல தண்ணீரில் முக்கி எடுத்துப் பாருங்கள். தண்ணீர் மேலெல்லாம் ஒரே படலமாகப் படிந்து நின்றால் சுத்தம். முத்து முத்தாகத் திரண்டு உருண்டால் இன்னும் எண்ணெய் இருக்கிறது, மறுபடி கழுவுங்கள். கழுவியதை உடனே உலர்த்திச் சீக்கிரம் பயன்படுத்திவிடுங்கள். லேசாகத் துரு படிவதால் பிடிமானம் கெடாது. பொரிப்பொரியாக உதிரும் துரு இருந்தால் ஒதுக்கிவிடுங்கள்.

எண்ணெயை எரித்துப் போக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்தப் புகை நல்லதல்ல, நான் பரிந்துரைப்பதில்லை. கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் விடுவதும் தவறு. கழிவைக் குறைக்கப் போய் எண்ணெய்க் கழிவை உண்டாக்கி வாய்க்காலில் விட்டால் இந்த வேலைக்கே அர்த்தமில்லை. ஒரு தொட்டியில் தேக்கி, மேலே மிதக்கும் எண்ணெயை எடுத்துப் பயன்படுத்திய எண்ணெய் வாங்குபவரிடம் கொடுக்க வேண்டும்.

கையுறை இல்லாமல் சுருளைத் தொடவே தொடாதீர்கள். பிளேடு மாதிரி கிழிக்கும்.

கலக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

நீளம்தான் முக்கியம். பட்டறையில் வரும் சுருள் ஒரு அடி, இரண்டு அடிகூட இருக்கும். அப்படியே போட்டால் ஒன்றோடொன்று பின்னிப் பந்தாகிவிடும், பந்துக்குள் சாந்து புகாது, சென்ட்ரிங் பிரித்த பிறகு தேன்கூடு மாதிரி பொத்தலாகத் தெரியும். 25 முதல் 40 மி.மீ. வரை வெட்டிக்கொள்ளுங்கள். கம்பிகளுக்கு இடையே உள்ள இடைவெளியைவிட இழை நீளமாக இருந்தால் கம்பிமேலேயே தொங்கி நின்றுவிடும், அடிப்பகுதிக்கு இறங்காது. பீமும் தூணும் சேரும் இடத்தில் கம்பி நெருக்கம் அதிகம் என்பதால் அங்கே இந்தச் சிக்கல் இன்னும் கூடும்.

ஜல்லியையும் மணலையும் மிக்ஸரில் ஓடவிட்டு, சுருளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். அப்புறம் சிமென்ட், கடைசியில் தண்ணீர். ஸ்லம்ப், அதாவது கலவையின் இளக்கம், கண்டிப்பாகக் குறையும். அதைச் சரிக்கட்டத் தண்ணீர் ஊற்றினால் சுருளால் வந்த நன்மை அத்தனையும் தண்ணீரோடு போய்விடும். தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் சூப்பர்பிளாஸ்டிசைசர்தான் வழி.

சுருள் துருப்பிடித்து பீமை வெடிக்கவைத்துவிடாதா?

நல்ல கான்கிரீட்டுக்குள் காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 12.5-க்கு மேல் இருக்கும். அந்தச் சூழலில் எஃகின் மேல் ஒரு பாதுகாப்புப் படலம் உருவாகி, துரு தடுக்கப்படும். கம்பிக்குக் கிடைக்கும் அதே பாதுகாப்பு இழைக்கும் கிடைக்கிறது.

வெளிமுகத்தில் தெரியும் சுருள் துருப்பிடிக்கும், பழுப்புக் கறை விழும். கறை பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் இழை மெல்லியது என்பதால் அதன் துரு கான்கிரீட்டைப் பிளக்கும் அளவுக்கு விசை தராது. தடித்த கம்பி துருப்பிடித்து ஊதும்போதுதான் கவர் (கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட் படலம்) பெயர்ந்து விழுகிறது. கடற்கரை ஊர்களில் உப்பு உள்ளே நுழைவதால் இழையும் தன் பலத்தை இழக்கும், அதனால் அங்கே பீமில் சுருளைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கவர் கனத்தைச் சரியாக வைப்பதும் கான்கிரீட்டை நன்றாக நனைத்துப் பராமரிப்பதும்தான் அங்கே கவனிக்க வேண்டியவை.

டயர் கம்பி இதைவிட நல்லதா?

ஒப்பிட்டால் நல்லதுதான். டயரின் உள்ளே போகும் மெல்லிய எஃகு இழையின் விட்டம் சுமார் 0.2 முதல் 0.3 மி.மீ., இழுவைத் திறன் 2000 மெகாபாஸ்கல் அளவில் இருக்கும். லேத் சுருளின் கனமும் அகலமும் துண்டுக்குத் துண்டு மாறும், டயர் இழையில் விட்டம் கிட்டத்தட்ட ஒரே சீராக இருக்கும். லாரி டயரில் எஃகின் பங்கு கார் டயரைவிட அதிகம்.

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் கிப்ரோஸ் பிலாகூட்டாஸ் தலைமையிலான குழு பல ஆண்டுகளாக இதில் உழைத்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் 2014 முதல் 2017 வரை நடந்த அனகென்னிசி திட்டம், டயரின் ரப்பர், எஃகு, நூல் மூன்றையும் கான்கிரீட்டில் பயன்படுத்துவதையே இலக்காகக் கொண்டது. எஃகு இழையைச் சுத்தம் செய்து, நீளம் பார்த்துப் பிரித்து, பந்தாகாமல் தூவுவதற்கே தனித் தொழில்நுட்பம் தேவைப்பட்டது. இழையை விற்பனைக்குக் கொண்டுவரும் கட்டத்தில் பாதி உழைப்பு அதில்தான் இருக்கிறது என்று சொல்லலாம்.

நம் ஊரில், டயரைக் காற்றில்லாமல் சூடாக்கி எண்ணெய் எடுக்கும் பைராலிசிஸ் ஆலைகளில் மிஞ்சும் கம்பி கிடைக்கும். அது சூட்டில் கிடந்த கம்பி. குளிர்நிலையில் இழுத்துச் செய்த எஃகு அந்தச் சூட்டில் தன் பலத்தில் ஒரு பகுதியை இழந்துவிடும், மேலே கரிப்படலமும் ஒட்டியிருக்கும். இயந்திரத்தில் அரைத்துக் காந்தத்தால் பிரித்த கம்பியோடு இதை ஒன்றாக எண்ண வேண்டாம்.

தாமிரக் கசடு, இரும்புக் கசடு எல்லாம்?

இவற்றுக்கு விதியே இருக்கிறது. ஐஎஸ் 383-இன் 2016 பதிப்பு, கம்பி போட்ட கான்கிரீட்டில் மணலில் 35 சதவீதம் வரை தாமிரக் கசடை அனுமதிக்கிறது. இரும்புக் கசடு 25 சதவீதம் வரை போகலாம். எஃகுக் கசடுக்குக் கம்பி போட்ட கான்கிரீட்டில் அனுமதி பூஜ்யம். காரணம், அதில் வினைபுரியாத சுண்ணாம்பும் மெக்னீசியாவும் மிஞ்சியிருக்கும். கான்கிரீட் இறுகிய பிறகு அவை ஈரத்தை உறிஞ்சி ஊதி, உள்ளிருந்தே பிளக்கும்.

தாமிரக் கசடு தண்ணீரை மிகக் குறைவாகவே உறிஞ்சும். அளவு கூடினால் மேலே தண்ணீர் கக்கும். மணலைவிட எடையும் அதிகம், பீமின் சொந்த எடையில் அதைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

உண்மையில் உலோகத் தொழிலின் கழிவு கான்கிரீட்டில் பெருவெற்றி கண்டது ஜிஜிபிஎஸ் என்னும் ஊதுலைக் கசடுத் தூளில்தான். ஐஎஸ் 455 படி ஸ்லாக் சிமென்ட்டில் 25 முதல் 70 சதவீதம் வரை அது இருக்கலாம். வெறும் நிரப்பியாக இல்லாமல் சிமென்ட்டின் வேலையையே செய்கிறது, உப்பு நுழைவதையும் தடுக்கிறது. கடற்கரையில் கட்டுகிறீர்கள் என்றால் உலோகக் கழிவு என்ற பெயரில் முதலில் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

குளிர்பான மூடி, தகர டப்பா வெட்டிப் போடலாமா?

பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் போடலாம். பீமுக்கு வேண்டாம். தட்டையான தகரம் விரிசலைப் பிடிப்பதைவிடக் கான்கிரீட்டைத் துண்டு போடுவதே அதிகம், டப்பாக்களில் பல அலுமினியம்.

இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்கிறேன். பீமை எப்படிச் சோதித்தால் முடிவு நம்பும்படி இருக்கும்?

பெரும்பாலான ப்ராஜெக்ட்டுகள் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. விதிப்படி கம்பி போட்ட பீமில், கம்பி இணங்கி இழுபடத் தொடங்குவதுதான் இறுதிச் சுமையைத் தீர்மானிக்கிறது. சுருள் போட்டாலும் போடாவிட்டாலும் அந்த எண் பெரிதாக மாறாது. அதைப் பார்த்துவிட்டு "பயனில்லை" என்று எழுதுவது தவறு. பார்க்க வேண்டியவை வேறு: முதல் விரிசல் எந்தச் சுமையில் விழுந்தது, பயன்பாட்டுச் சுமையில் விரிசலின் அகலம் என்ன, எத்தனை விரிசல், எவ்வளவு இடைவெளியில், நடுவில் தொய்வு எவ்வளவு, உச்சத்துக்குப் பிறகு சுமை எப்படி இறங்குகிறது. ஐஎஸ் 456 பொதுவாக 0.3 மி.மீ. அகலம் வரைதான் விரிசலை ஏற்கிறது, ஈரத்தில் இருக்கும் பாகங்களுக்கு 0.2. உங்கள் சுருள் விரிசலை இந்த எல்லைக்குள் கூடுதல் சுமைவரை பிடித்து வைத்திருக்கிறது என்று காட்ட முடிந்தால் அதுவே நல்ல முடிவு.

சோதிப்பதற்கு முதல் நாள் பீமின் பக்கவாட்டில் சுண்ணாம்பு அடித்து, பென்சிலால் 50 மி.மீ. கட்டம் போடுங்கள். லோடிங் ஃப்ரேமில் இரண்டு புள்ளிச் சுமை வையுங்கள். ஒவ்வொரு கட்டச் சுமையிலும் ஏற்றத்தை நிறுத்தி, விரிசலின் முனைவரை மார்க்கரால் வரைந்து, பக்கத்திலேயே அப்போதைய சுமையை எழுதுங்கள். முடிவில் அந்த வெள்ளைப் பக்கத்தை ஒரு படம் எடுத்தால், பத்துப் பக்க அறிக்கையைவிட அது அதிகம் சொல்லும்.

ஷியரைச் சோதிக்க நினைத்தால், ஸ்டிரப் இல்லாமல், அடியில் போதுமான கம்பியோடு, தாங்கியிலிருந்து சுமை வரையான தூரம் பீம் உயரத்தைப் போல இரண்டரை மடங்கு இருக்கும்படி வையுங்கள். சுருள் இல்லாத ஒப்பீட்டு பீமை அதே நாளில், அதே சிமென்ட்டில், அதே தண்ணீர் விகிதத்தில் போடுங்கள். ஒவ்வொரு வகைக்கும் ஒரே ஒரு பீம் போதாது. கியூபுக்கே மூன்றின் சராசரி கேட்கிறோம், எந்த ஒன்றும் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக் கூடாது என்கிறோம். சுருள் எப்படி விழுந்தது என்பது பீமுக்கு பீம் மாறும் என்பதால் இங்கே எண்ணிக்கை இன்னும் முக்கியம். உடைந்த பிறகு விரிசல் முகத்தைப் பிளந்து, சுருள் அறுந்திருக்கிறதா, வழுக்கி வெளியே வந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். வழுக்கி வந்தது அதிகம் என்றால் எண்ணெய் சரியாகப் போகவில்லை, அல்லது நீளம் போதவில்லை.

சுற்றுச்சூழலுக்கு இது உண்மையிலேயே நல்லதா?

சுருள் குப்பைக்குப் போகிறது என்ற எண்ணத்தில்தான் பலர் தொடங்குகிறார்கள். கோயம்புத்தூரில் அது குப்பைக்குப் போவதில்லை. கிலோ கணக்கில் விலைக்கு வாங்கிக்கொண்டு போய் உலையில் போடுகிறார்கள். ஒரு டன் பழைய இரும்பை உருக்கிப் பயன்படுத்தினால் சுமார் 1.4 டன் இரும்புத்தாதும் 740 கிலோ நிலக்கரியும் மிச்சமாகும், ஒன்றரை டன் கரியமில வாயு தவிர்க்கப்படும் என்பது உலக எஃகுச் சங்கம் தரும் கணக்கு. அந்தச் சுருளைக் கான்கிரீட்டில் புதைத்தால் இந்தச் சுழற்சி அறுந்துவிடுகிறது. கட்டடத்தை இடிக்கும்போது கம்பியை இழுத்து எடுத்து விற்கிறார்கள், சிதறிய சுருளை எடுக்கக் கான்கிரீட்டையே நொறுக்கிக் காந்தம் வைக்க வேண்டும்.

ஆகவே உலைக்குப் போகும் வழி இருக்கும் ஊரில் சுருள் உலைக்குப் போவதே மேல். புதிதாகச் செய்த தொழிற்சாலை இழை போட்டே ஆக வேண்டிய இடத்தில் அதற்குப் பதிலாகக் கழிவு இழை போனால் மட்டும் கணக்கு மாறும். டயர் கம்பிக்கு இந்த வாதம் நன்றாகப் பொருந்துகிறது. ரப்பர் ஒட்டியிருப்பதால் அதற்கு உலையில் அவ்வளவு மதிப்பில்லை.

பீம் வேண்டாம் என்றால் வேறு எங்கே போடலாம்?

தரைமேல் நேராக உட்காரும் எதிலும் முயன்று பார்க்கலாம்: பட்டறைத் தளம், லாரி நிற்கும் இடம், மெஷின் ஃபவுண்டேஷன், பேவர் பிளாக். அங்கே தட்டல், அதிர்வு, சுருக்க விரிசல் ஆகியவைதான் பிரச்சினை, இழை அதற்குத்தான் பொருத்தம். மேலே ஒரு மெல்லிய சாந்துப் படலம் வரும்படி முடித்தால் சுருள் முனை காலில் குத்தாது. வார்ப்பிரும்புத் தூளை எதிர் எடைக் கட்டைகளுக்குப் பயன்படுத்தலாம், கனம்தான் அங்கே தேவை.

வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். ஒப்பந்தக்காரர் "சுருள் போட்டுத் தருகிறேன், கம்பியில் மிச்சம் பிடிக்கலாம்" என்கிறார். சரி என்று சொல்லலாமா?

சொல்லாதீர்கள். வரைபடத்தில் உள்ள கம்பியும் ஸ்டிரப்பும் அப்படியே இருக்கிறதா என்று கான்கிரீட் போடும் முன் ஆளை நிறுத்தி எண்ணிப் பாருங்கள். பீமுக்குள் சுருள் போக வேண்டாம். அவருக்கு அதில் உண்மையாகவே ஆர்வம் இருந்தால், கார் நிறுத்தும் தளத்தில் போட்டுத் தரச் சொல்லுங்கள்.